மூடப்பட்ட அணி, முன்வந்த முன்னாள் மாணவர்கள்: பர்மிங்ஹாம் நிகழ்வு ஆய்வு

2014 டிசம்பர் 2 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம், சுருக்கமாக யூஏபி, தன் அமெரிக்கக் கால்பந்து அணியைக் கலைப்பதாக அறிவித்தது. பவுலிங் அணியும் துப்பாக்கி சுடும் அணியும் அதனுடன் சேர்ந்து போயின. 2015 ஜூன் 1 அன்று, அந்த அறிவிப்பை வெளியிட்ட அதே தலைவர் தம் முடிவைத் திரும்பப் பெற்றார். இடையில் கழிந்தவை 181 நாட்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் மீது அதில் படித்தவர்கள் வைத்திருக்கும் பற்றுக்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன மதிப்பு என்ற கேள்விக்கு இந்த 181 நாட்களைவிடத் தெளிவான விடை வேறெங்கும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனாலேயே புகழ்பெற்ற பழைய பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு இந்த இளைய பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். ஹார்வர்டுக்கோ நோட்டர் டேமுக்கோ முன்னாள் மாணவர்கள் பணம் தருவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வென்று பழகாத, சொந்த மைதானம் இல்லாத, கால்நூற்றாண்டு வயதைக்கூட எட்டாத ஓர் அணிக்காக அவர்கள் ஏன் எழுந்தார்கள் என்பதே ஆராய வேண்டியது.

பின்னணி

அலபாமா மாநிலத்தில் முதல் நிலைத் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. தொழில்முறை அணிகளுக்குப் பிற மாநிலத்தார் கொடுக்கும் உணர்ச்சி முழுவதையும் இந்த மாநிலம் கல்லூரிக் கால்பந்துக்குக் கொடுக்கிறது. அதிலும் அந்த உணர்ச்சி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்துக்கும் மறு பாதி ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கும் போய்விடுகிறது. எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை ஒருநாளும் மிதித்திராத குடும்பங்கள்கூட மூன்று தலைமுறையாக ஒரே பக்கத்தில் நிற்பதுண்டு.

பங்கு பிரித்து முடிந்த இந்த வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தது யூஏபி. 1969-இல்தான் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மருத்துவக் கல்வியும் மருத்துவமனையும் அதன் பெருமைகள். மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களும் நிறைய உண்டு. 1978-இல் யூசிஎல்ஏ எனப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜீன் பார்ட்டோ வந்து விளையாட்டுத் துறையை ஏறத்தாழ வெறுங்கையுடன் தொடங்கினார். கால்பந்து 1991-இல்தான் வந்தது. 1996-இல் அணி நாட்டின் உயர்நிலைப் பிரிவுக்கு ஏறியது. 2004-இல் ஹவாய் பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அதில் 59–40 என்று தோற்றது. 2014-க்கு முன் அணியின் உச்சம் அவ்வளவுதான். பருவ இறுதியில், தகுதி பெற்ற அணிகளை அழைத்து நடத்தப்படும் ஆட்டத்துக்குப் பவுல் என்று பெயர். அதற்குப் பொதுவாக ஆறு வெற்றியாவது வேண்டும்.

இதில் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். 1991-க்கு முன் பட்டம் பெற்ற எவரும் மாணவராக இருந்த காலத்தில் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் ஆட்டம் எதையும் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அப்போது அதிகாரபூர்வ அணியே இல்லை. அவர்களுக்கு இந்த அணி இளமை நினைவாக இருக்க வழியில்லை. படித்து முடித்து, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பெற்ற பிறகு, தாம் படித்த இடம் தம் பெயரால் களத்தில் இறங்குவதை அவர்கள் முதல்முறையாகக் கண்டார்கள். முன்னாள் மாணவர்களின் பற்று என்றாலே அது பழைய நினைவுகளின் ஏக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யூஏபியைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பலருக்குப் பொருந்தாது.

ஒரே அறங்காவலர் குழு

டஸ்கலூசா, பர்மிங்ஹாம், ஹன்ட்ஸ்வில் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களையும் ஒரே அறங்காவலர் குழு ஆள்கிறது. குழுவில் பெரும்பான்மையினர் டஸ்கலூசாவில் படித்தவர்கள். 2000 முதல் 2015 வரை உறுப்பினராக இருந்தவர்களில் பால் பிரையண்ட் ஜூனியர் ஒருவர். அவருடைய தந்தை ‘பேர்’ (கரடி) பிரையண்ட், டஸ்கலூசா அணிக்கு ஆறு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர்.

2006 இறுதியில் யூஏபி தன் தலைமைப் பயிற்சியாளராக ஜிம்போ ஃபிஷரை நியமிக்க விரும்பியபோது குழு அதை ஏற்கவில்லை. அதே ஃபிஷர் பின்னர் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 2013 பருவத்தின் தேசியப் பட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 2011-இல், ஏறத்தாழ 30,000 பேர் அமரக்கூடிய மைதானம் ஒன்றைத் தன் வளாகத்திலேயே கட்ட யூஏபி திட்டமிட்டது. அதுவும் குழுவைத் தாண்டவில்லை. அணி தொடர்ந்து லீஜியன் ஃபீல்டில் ஆடியது. எழுபதாயிரம் பேருக்குக் கட்டிய அந்தப் பழைய மைதானத்தில் பதினைந்தாயிரம் பேர் வந்தாலும் வெறிச்சென்றுதான் தெரியும்.

இம்முடிவுகளுக்கு நிதிக் காரணங்களே சொல்லப்பட்டன. பெரிய பிள்ளைக்குப் போட்டியாகச் சின்னவன் வளர்ந்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான் உண்மைக் காரணம் என்று யூஏபி ஆதரவாளர்கள் நம்பினார்கள். நோக்கம் எதுவென்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. ஆனால் அறங்காவலர்களும் முன்னாள் மாணவர்களே என்பதை மறக்கக் கூடாது. தாம் படித்த பல்கலைக்கழகத்தின் மீது ஆயுள் முழுவதும் வைத்த பற்று ஒருவரைக் கொடையாளியாக்கும். வேறொரு பல்கலைக்கழகத்தை ஆளும் நாற்காலியில் அவரை உட்கார வைத்தால், அதே பற்று அவர் தருகிற ஒவ்வொரு முடிவின் மீதும் ஐயத்தை வரவழைக்கும். இந்த நிகழ்வில் பற்று ஒரு தரப்பிடம் மட்டும் இருந்ததாக எழுதுவது பிழையாகும்.

தமிழில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே மிகவும் கைகொடுக்கிறது. மூன்று பல்கலைக்கழகங்களும் ஒரே அமைப்பு, ஆகவே ‘நாம்’ என்பது நிர்வாகத்தின் இலக்கணம். எதிரில் நிற்பவரைச் சேர்த்துக்கொள்ளாத ‘நாங்கள்’ என்பது பர்மிங்ஹாமில் படித்தவர்களின் இலக்கணம். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் அணியின் வெற்றிகளைவிட மறுக்கப்பட்ட பயிற்சியாளருக்கும் மறுக்கப்பட்ட மைதானத்துக்கும் பங்கு அதிகம்.

டிசம்பர் 2

2013 பருவத்தில் அணி இரண்டே வெற்றிகளைப் பெற்றது, தோல்விகள் பத்து. 2014 ஜனவரியில் பில் கிளார்க் பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டு வெற்றி ஆறு, தோல்வி ஆறு. பார்வையாளர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நவம்பர் 29 அன்று சதர்ன் மிசிசிப்பி அணியை 45–24 என்று வென்று, பவுல் தகுதிக்குத் தேவையான ஆறாவது வெற்றியை எட்டினார்கள். மூன்றே நாட்களில் அணி இல்லாமல் போயிற்று.

செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டதால் வளாகத்தில் மாணவர்களும் ஆதரவாளர்களும் கூடிவிட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ் கூட்ட அறைக்குச் சென்று ஆட்டக்காரர்களிடம் நேரில் முடிவைச் சொன்னார். அந்த அறையில் எடுக்கப்பட்ட கைபேசிக் காணொளி அன்றிரவே நாடெங்கும் பரவியது. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்து படித்துக்கொண்டிருந்த, மற்றவர்களைவிட வயதில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து நின்று தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்பதை அதில் காணலாம். வாட்ஸ் எண்களைப் பற்றிப் பேசுகிறார். எதிரில் இருப்பவர்கள் கேட்பதோ தங்களைப் பற்றி. அழுகையும் கோபமும் நிறைந்த அறையிலிருந்து அவர் வெளியேறிய பிறகு, காவலர் துணையுடன் கூட்டத்தைக் கடந்துபோக வேண்டியிருந்தது.

அந்த அறையில் நின்ற வாட்ஸ், பர்மிங்ஹாமிலேயே வளர்ந்து, 1976-இல் யூஏபியில் பொறியியல் பட்டம் பெற்றவர். வெளியாள் வந்து மூடினார் என்று சொல்ல வழியில்லை. தான் படித்த பல்கலைக்கழகத்தை ஆராய்ச்சியிலும் மருத்துவத்திலும் உயர்த்த வேண்டும், அதற்குக் கால்பந்து தடையாகிவிடக் கூடாது என்று நினைப்பதும் ஒருவகைப் பற்றுதான். பல்கலைக்கழகம் எது என்பதில் அவருக்கும் மற்ற முன்னாள் மாணவர்களுக்கும் கருத்து வேறுபட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கணக்கு

முடிவுக்கு அடிப்படையாக நின்றது ஓர் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை. யூஏபி விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவு சுமார் 3 கோடி டாலர்; அதில் ஏறத்தாழ 2 கோடியை மாணவர் கட்டணத்திலிருந்தும் பொது நிதியிலிருந்தும் பல்கலைக்கழகமே போட்டுவந்தது. கால்பந்தைத் தொடர வேண்டுமானால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் இதற்கு மேலும் 4.9 கோடி டாலர் தேவை என்று அந்த அறிக்கை சொன்னது. அதே 2014-இல்தான் பெரிய அணிகளின் கூட்டமைப்புகள், ஆட்டக்காரர்களுக்குக் கல்விக் கட்டணத்துக்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை தரும் உரிமையைப் பெற்றிருந்தன. சிறிய பல்கலைக்கழகங்கள் இந்தப் போட்டியில் மூச்சுவாங்கும் என்பது உண்மையான அச்சம். அதை யாரும் கற்பனை செய்யவில்லை.

அறிக்கையை எதிர்த்தவர்களின் வாதத்தில் உணர்ச்சியைவிடப் பொருளியலே அதிகம். உயர்நிலைப் பிரிவில் ஓர் அணிக்கு அப்போது 85 பேர் வரை முழு உதவித்தொகை தரலாம். ஒவ்வொருவருக்கும் உரிய கல்விக் கட்டணம் முழுவதும் விளையாட்டுத் துறையின் செலவாக எழுதப்படும். அதே தொகை பல்கலைக்கழகத்தின் இன்னொரு கணக்கில் வரவாகும். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவதை இழப்பு என்று எழுதுவதா என்பதே கேள்வி. ஏற்கெனவே நடக்கிற வகுப்பில் 85 பேர் கூடுதலாக உட்காருவதால் பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் ஆகும் செலவு, விலைப்பட்டியலில் உள்ள கட்டணத்தைவிட மிகக் குறைவு. 2015-இல் பொருளியலாளர்கள் செய்த மறுஆய்வு இந்த வழியில் கணக்கைப் புரட்டிப்போட்டு, அறிக்கை காட்டிய அளவுக்கு அந்த மூன்று அணிகளும் நட்டமில்லை என்றது.

இரு தரப்பு வாதங்களையும் படித்த என் கருத்து: மறுஆய்வு செலவுப் பக்கத்தைச் சரியாகவே திருத்தியது, ஆனால் அறிக்கையின் பெரிய பிழை வரவுப் பக்கத்தில் இருந்தது. கடந்த ஆண்டுகளில் முன்னாள் மாணவர்கள் கொடுத்த நன்கொடையை வைத்து அவர்கள் இனிக் கொடுக்கக்கூடியதை மதிப்பிட்டார்கள். அதுவரை அவர்களிடம், இன்னதற்கு, இவ்வளவு தேவை, இல்லாவிட்டால் இது நடக்கும் என்று யாரும் வெளிப்படையாகக் கேட்டதில்லை. கேட்காத கடன் வரவில் ஏறாது.

திரும்பிய விதம்

‘யூஏபியை விடுவியுங்கள்’ என்ற முழக்கம் அட்டைகளிலும் சட்டைகளிலும் ஏறியது. 2015 ஜனவரியில் பேராசிரியர் மன்றம் வாட்ஸ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்தை ஒருபோதும் பார்த்திராத பேராசிரியர்களும் அதை ஆதரித்ததன் காரணம், முடிவு எடுக்கப்பட்ட விதம். ஒரு துறையை இப்படிக் கதவை மூடிக்கொண்டு கலைக்கலாம் என்றால் அடுத்தது எந்தத் துறை என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது.

இவையெல்லாம் அழுத்தம் தந்தன. முடிவை மாற்றியது பணம். வாட்ஸ் வைத்த நிபந்தனை வெளிப்படையானது: பல்கலைக்கழகம் ஏற்கெனவே தரும் ஆண்டு மானியத்துக்கு மேல் ஒரு டாலரும் தராது, எஞ்சிய பற்றாக்குறையை வெளியிலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஐந்து ஆண்டுக்கான அந்தப் பற்றாக்குறை 1.72 கோடி டாலர் என்று வரையறுக்கப்பட்டது. முன்னாள் ஆட்டக்காரர்கள், முன்னாள் மாணவர்கள், நகரத்து வணிகர்கள், மாணவர் பேரவை, நகர மன்றம் என்று பல கைகள் சேர்ந்தன. ஆறு மாதங்களுக்கு முன் வராது என்று கணிக்கப்பட்ட பணம் வாக்குறுதிகளாக வந்து சேர்ந்தது. வணிகர்களில் சிலர் யூஏபியில் படித்தவர்கள் அல்லர். வேறு ஊர் அணிகளை ஆதரித்து வளர்ந்த நகரம், தன் பெயரைத் தாங்கிய அணி பறிபோனபோது அதைத் தனதாகக் கண்டது என்று கொள்ளலாம்.

உயர்நிலைப் பிரிவில் இதற்கு முன் கால்பந்தைக் கைவிட்டது கலிஃபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகம், 1995-இல். அங்கே அணி திரும்பவில்லை. பர்மிங்ஹாமின் நிகழ்வை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக்க விரும்புவோர் அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பசிபிக்கின் தலைக்கு மேல் வேறொரு பல்கலைக்கழகத்தின் நிழல் விழுந்திருக்கவில்லை.

ஜூன் 1-இல் முடிவு மாறிய போதிலும் அணி உடனே எழுந்துவிடவில்லை. கலைப்பு அறிவிப்பு வந்ததும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் உடனே ஆடலாம் என்ற விலக்கு ஆட்டக்காரர்களுக்கு இருந்தது, பெரும்பாலோர் போய்விட்டார்கள். 2015, 2016 ஆகிய இரு பருவங்கள் ஆட்டமே இன்றிக் கழிந்தன. கிளார்க் போகவில்லை. அவரும் யூஏபியில் படித்தவர் அல்லர். ஜாக்சன்வில் ஸ்டேட் பல்கலைக்கழகத்து மாணவர். ஆட்டமில்லாத அணிக்கு ஆட்களைச் சேர்த்து, எதிரணியே இல்லாமல் ஓராண்டு முழுவதும் பயிற்சி கொடுத்தார். நன்கொடைப் பணத்தில் அதுவரை இல்லாத கால்பந்துக் கட்டடமும், கூரை வேய்ந்த பயிற்சித் திடலும் எழுந்தன. அணி இருந்தபோது கிடைக்காதவை, அணி இல்லாதபோது கட்டப்பட்டன.

2017 செப்டம்பர் 2 அன்று லீஜியன் ஃபீல்டில் அலபாமா ஏ அண்ட் எம் அணியுடன் முதல் ஆட்டம். 45,212 பேர் வந்தார்கள்; பர்மிங்ஹாமில் யூஏபி ஆடிய ஆட்டம் எதற்கும் அதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. 38–7 என்று வெற்றி. அந்தப் பருவத்தை எட்டு வெற்றி, ஐந்து தோல்வியுடன் முடித்தார்கள். 2018-இல் பதினோரு வெற்றி. மிடில் டென்னசியை 27–25 என்று வென்று தங்கள் கூட்டமைப்பின் பட்டம். டிசம்பர் 18 அன்று போக்கா ரட்டோன் பவுலில் நார்தர்ன் இல்லினாய் அணியை 37–13 என்று வென்று வரலாற்றின் முதல் பவுல் வெற்றி. 2021-இல் நகர மையத்தில் சுமார் 47,000 இருக்கைகளுடன் புதிய மைதானம் திறந்தது. அதன்பின் வந்த பருவங்கள் எல்லாமே அப்படி இனிக்கவில்லை. 2022-இல் முதுகுவலியால் கிளார்க் விலகிய பிறகு அணி மீண்டும் தோற்கப் பழகியது. வாட்ஸ் பல ஆண்டுகள் பதவியில் நீடித்தார்.

கணக்கில் ஏறாதவர்கள்

இந்த மீட்பைக் கொண்டாடுவோர் பேசாமல் விடுவது இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தரும் மானியம் தொடர்கிறது. அதில் ஒரு பகுதி இன்று படிக்கும் மாணவர்களின் கட்டணம். மாலை வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிற மாணவி ஒருத்தி, ஒருநாளும் மைதானத்துக்குப் போகாவிட்டாலும், முன்னாள் மாணவர்களின் பெருமைக்குத் தன் பங்கைச் செலுத்துகிறாள். அவளும் நாளை முன்னாள் மாணவிதானே என்பது பதிலாகாது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மற்றொன்று, 2014-இல் அந்த அறையில் இருந்தவர்கள். ஆறு வெற்றி பெற்றும் அவர்களுக்குப் பவுல் அழைப்பு வரவில்லை. முதல் பவுல் வெற்றி வந்தபோது அந்த அறையை விட்டு வெளியேறி நான்கு ஆண்டுகளும் பதினாறு நாட்களும் ஆகியிருந்தன. இரண்டு மூன்று ஆண்டுகள் யூஏபியின் பச்சைச் சட்டை அணிந்து ஆடி, ஒரே வாரத்தில் பெட்டி கட்டி, வேறொரு பல்கலைக்கழகத்தின் நிறத்தை அணிந்து அங்கே பட்டம் பெற்றவர்கள் பலர். யூஏபியின் பட்டதாரிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. நன்கொடை கேட்டு ஆண்டுதோறும் கடிதம் அனுப்புவது அவர்களுக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம். சனிக்கிழமை மாலை அவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது எந்த ஆட்டத்தின் முடிவை என்பது அந்தக் கடிதம் அனுப்புவோருக்குத் தெரியாது.